ராத்திரியில் ஏன் எழுப்புகிறார்கள்? பக்கவாத வார்டும் தூக்கமும்: வாசகர் கேள்விகள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் தூக்கத்தைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. நரம்பியல் வார்டில் நைட் டியூட்டி பார்த்தே தலை நரைத்த நர்ஸ். அதனால் இந்த மருந்தை நிறுத்துங்கள், அந்த மருந்தைக் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வார்டில் என்ன நடக்கிறது, அதில் எதைக் கேட்டு மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தெரியும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சீக்கிரமே கொண்டுபோய்விட்டதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க சிஸ்டர் வந்து வந்து எழுப்பினார். கண்ணில் டார்ச் அடிக்கிறார், கையைத் தூக்கச் சொல்கிறார், பெயர் கேட்கிறார். மனுஷன் கண்ணயரவே இல்லை. நான் சத்தம் போட்டுவிட்டேன். இப்படி எழுப்பத்தான் வேண்டுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த ஒரு ராத்திரி எழுப்பத்தான் வேண்டும்மா. அந்த ஊசி போட்டால் முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை பிரஷர், நினைவு, கை கால் பலம் எல்லாம் பார்க்க வேண்டும். எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் கிட்டத்தட்ட இதுதான் நடைமுறை. ஊசி கட்டியைக் கரைக்கும்போது, நூற்றில் சிலருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும். கசிந்தால் தலைவலி வரலாம், வாந்தி வரலாம், பேச்சு இன்னும் குழறலாம். சில சமயம் இது எதுவும் இல்லாமல் ஆள் மெதுவாக மயக்கத்துக்குப் போவார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தூக்கமாகத்தான் தெரியும். எழுப்பிப் பார்க்காமல் மயக்கம் எது, தூக்கம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. டார்ச் அடிப்பதும் அதற்குத்தான். ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகி, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால் அது பெரிய ஆபத்து.

ஊசி போடாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மூளை வீங்கும். அந்த வீக்கம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஆகவே ஆரம்ப நாட்களில் 'தூங்குகிறார், எழுப்பாதீங்க சிஸ்டர்' என்று வழிமறிக்காதீர்கள். நீங்கள் சத்தம் போட்டதை அந்த சிஸ்டர் மனதில் வைத்திருக்க மாட்டார். எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

கேள்வி: அம்மாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகப்போகிறது. நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். ஆனால் ராத்திரி 10 மணிக்கு ஊசி, 11-க்கு டயபர், 12-க்குத் திருப்பிப் படுக்கவைப்பது, 2 மணிக்கு விரலில் குத்தி சுகர், 4 மணிக்கு உடம்பு துடைப்பது, 5 மணிக்கு டெம்பரேச்சர். பகலில் பிசியோதெரபிஸ்ட் வரும்போது அம்மா தூங்கி விழுகிறார். 'ஒத்துழைப்பே இல்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார் அவர். இதற்கு வழி உண்டா? – வாசகர், மதுரை

பதில்: உண்டு தம்பி. உங்கள் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுதப்போகிறேன்.

ஆபத்தான நாட்கள் தாண்டிய பிறகும் வார்டு அதே வேகத்தில் ஓடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு வேலையும் தனித்தனி ஆளிடம் இருக்கிறது. ஊசி சிஸ்டருடையது, டயபர் ஆயாவுடையது, சுகர் பார்ப்பது சில இடங்களில் லேப் ஆளுடையது. அவரவர் தங்கள் நேரத்துக்கு வந்து போகிறார்கள். படுத்திருக்கும் ஒரே ஆள்தான் எல்லோருக்கும் விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 4 மணிக்கு உடம்பு துடைப்பது ஏன் தெரியுமா? பல ஆஸ்பத்திரிகளில் காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும். வார்டு முழுக்கத் துடைத்து, விரிப்பு மாற்றி, நோட்டு எழுதி ஒப்படைக்க வேண்டுமென்றால் நைட் சிஸ்டர் 4 மணிக்கு ஆரம்பித்தால்தான் முடியும். உங்கள் அம்மா முதல் கட்டிலில் இருந்தால் அவருக்குத்தான் 4 மணி.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி 2 மணிக்கு வருகிற சிஸ்டரிடம் எதுவும் கேட்காதீர்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதை அவர் செய்யாமல் விட முடியாது. சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்கள்: 'அம்மாவுக்கு ராத்திரி 11-லிருந்து 5 வரை எதெல்லாம் கட்டாயம் பார்க்கணும் டாக்டர்? மற்றதை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்யலாமா?' அவர் சரி என்றால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேரும். வாயால் சொன்னது 7 மணி ஒப்படைப்போடு காணாமல் போகும்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி என்றால் காலை 6, மதியம் 2, ராத்திரி 10 என்று வைத்தால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதே இல்லை. உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீர் பிரியும் மாத்திரையோ ஊசியோ சாயங்காலம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். லேசிக்ஸ் போன்றதை 6 மணிக்குக் கொடுத்தால் 8 மணியிலிருந்து டயபர் நனைந்துகொண்டே இருக்கும். நேரத்தை முன்னுக்குத் தள்ளலாமா என்று டாக்டரைக் கேட்கலாம், தப்பில்லை. மூக்குக் குழாயில் உணவு போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று விடிய விடிய ஊற்றும் வார்டுகள் இருக்கின்றன. காலை 6-க்குத் தொடங்கி ராத்திரி 10-க்கு முடித்துக்கொள்ளும் வார்டுகளும் இருக்கின்றன. எது ஒத்துக்கொள்ளும் என்று டயட்டீஷியன் சொல்வார். எப்படியானாலும் குழாயில் ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

2 மணி சுகர்? இதில் அவசரப்படாதீர்கள். இன்சுலின் அளவு இன்னும் நிலைக்கவில்லை என்றாலோ, சுகர் ஏறி இறங்கினாலோ அது வேண்டும். சுகர் சட்டென்று இறங்கினால் மறுபடி பக்கவாதம் வந்தது போலவே கை விழும், பேச்சுக் குழறும். சில நாட்களாக அளவு ஒரே சீராக இருந்தால், விடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

திருப்பிப் படுக்கவைப்பதை விடவே முடியாது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். காற்று மெத்தை இருந்தால் ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்பதை, தோலைப் பார்த்துவிட்டு சிஸ்டர் சொல்வார். வால் எலும்பு மேல் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் பேச்சே இல்லை, திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் திருப்பும் அதே நேரத்தில் டயபரையும் பாருங்கள், பிரஷரும் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள். மூன்று தடவை எழுப்புவது ஒரு தடவையாகும்.

எப்படித் திருப்புகிறோம் என்பதில் பாதித் தூக்கம் இருக்கிறது. பெரிய லைட்டைப் போடாதீர்கள். செல்போன் டார்ச்சைத் தரைப்பக்கம் பிடித்தால் போதும். முதலில் காதருகே போய், 'அம்மா, திருப்பப் போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தோள்பட்டை பலமில்லாமல் தொங்குகிறது, ஒரு இழுப்பில் பிசகும். அப்புறம் மாதக்கணக்கில் வலி, அந்த வலியாலேயே தூக்கமில்லை என்றாகும். தோள் எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் கைகொடுத்து மொத்த உடம்பையும் உருட்டுங்கள். நல்ல பக்கம் சாய்ந்து படுத்தால், விழுந்த கையை முன்னால் ஒரு தலையணைமேல் நீட்டி வையுங்கள். மணிக்கட்டு தலையணை விளிம்பில் தொங்கக் கூடாது. மேலே இருக்கும் முழங்காலை மடக்கி, அதற்கு அடியில் ஒரு தலையணை. முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை. விழுந்த பக்கமே படுக்கவைத்தால் அந்தத் தோளை லேசாக முன்னால் எடுத்துவிடுங்கள், தோள் முனைமேல் பாரம் நிற்கக் கூடாது. இப்படிப் படுக்கவைத்தால் முனகல் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

4 மணிக் குளியலுக்குச் சுலபமான வழி இருக்கிறது. 'நாங்களே 6 மணிக்குத் துடைத்துவிடுகிறோம் சிஸ்டர்' என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். எந்த சிஸ்டரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கடைசியாக அந்தப் பிசியோதெரபிஸ்ட். நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுப்பினார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து அவரிடம் கொடுங்கள். ஒத்துழைப்பு எங்கே போனது என்று அவருக்கே புரியும். அம்மா எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்பதையும் சொல்லி, அந்த நேரத்துக்கு வர முடியுமா என்று கேளுங்கள். ஆக்ஸ்போர்டில் மறுவாழ்வு வார்டு நோயாளிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் துண்டு துண்டாக உடைகிறவர்களுக்குக் கை கால் திரும்புவதும் மெதுவாகவே இருந்திருக்கிறது. அவருக்கும் இதில் அக்கறை இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருப்பவர் ராத்திரி 12 மணிவரை போனில் வீடியோ பார்க்கிறார், சத்தத்தோடு. சொன்னால் சண்டை வரும். காதில் பஞ்சு வைக்கலாமா, கண்ணைத் துணியால் கட்டலாமா? – வாசகி, சேலம்

பதில்: நோயாளிகள் இருக்கும் அறையில் ராத்திரி 30 டெசிபல் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொண்டாலே 60-ஐத் தொடும். நம் ஊர் பொது வார்டில் 30 என்பது நடக்காத கதைதான். ஆனால் வீடியோவை நிறுத்தலாம். நீங்கள் சொன்னால் சண்டை, சிஸ்டர் சொன்னால் ஒழுங்கு. 9 மணிக்கு லைட் அணைக்கும்போது வார்டுக்கே பொதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

காதில் அடைப்பதற்கு விற்கும் மெத்தென்ற அடைப்பான், கண் பட்டை இரண்டும் தெளிவாக இருக்கும் நோயாளிக்கு உதவும். பஞ்சு உள்ளே போய்ச் சிக்கும், வேண்டாம். குழப்பத்தில் இருப்பவருக்குக் கண்ணைக் கட்டாதீர்கள். விழித்ததும் இருட்டாக இருந்தால் பயந்து, மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுவார். சத்தம் என்றவுடன் எல்லோரும் மானிட்டரைத் திட்டுகிறார்கள். விரல் கிளிப் நழுவினால்தான் அது பாதி நேரம் கத்துகிறது. அதைச் சரியாக மாட்டச் சொல்லுங்கள், நீங்களாக அணைக்காதீர்கள். இன்னொன்று: கட்டிலுக்கு அருகே நின்று சொந்தக்காரர்கள் குசுகுசுவென்று பேசுவது. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டே நோயாளி களைத்துப்போவார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே இதைத் திட்டி எழுதிவிட்டார். எந்த ஊர் சொந்தக்காரர்களும் திருந்தவில்லை.

கேள்வி: என் மனைவிக்கு வலது பக்கம் விழுந்து நாலு நாள் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறாள். சாயங்காலம் ஆனதும் எழுந்து, இறந்துபோன அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள். ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள் என்கிறாள். ஊசியைப் பிடுங்குகிறாள். காற்று கருப்பு பட்டிருக்கும் என்று என் அக்கா தாயத்து கொண்டுவந்திருக்கிறாள். தூக்க மாத்திரை கொடுத்தால் சரியாகுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, பயப்படாதீர்கள். பக்கவாத வார்டில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. அடிபட்ட மூளை, புது இடம், அறுந்துபோன தூக்கம் எல்லாம் சேர்ந்து பகலையும் ராத்திரியையும் புரட்டிப்போட்டுவிடுகின்றன. தாயத்தைக் கட்டுங்கள், அக்கா மனசும் ஆறும். ஆனால் டிரிப் ஏறும் கையிலும் விழுந்த கையிலும் இறுக்கிக் கட்ட வேண்டாம். விழுந்த கை வீங்கினால் கயிறு வெட்டும், அவருக்கு உணர்ச்சி தெரியாது.

தூக்க மாத்திரைக்கு முன்னால் டாக்டர் தேட வேண்டியவை சில இருக்கின்றன. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா? சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பியிருக்கிறதா? எத்தனை நாளாக மலம் போகவில்லை? ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கியிருக்கிறதா? எங்காவது வலியா? அவரால் சொல்ல முடியாது, அதனால் கத்துகிறார். அடிவயிறு கல் மாதிரி இருந்த ஒரு பாட்டிக்குச் சிறுநீரை எடுத்துவிட்டதும் அடுத்த அரை மணியில் தூங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின ராத்திரி முழுக்க அவருக்கு மயக்க ஊசி கேட்டு மகன்கள் டியூட்டி டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அல்ப்ரஸோலம், டயசிபாம் வகை மாத்திரைகளைப் பக்கவாதம் வந்தவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். குழப்பம் கூடும், மூச்சு தளரும், எச்சில் புரையேறும், எழுந்தால் விழுவார்கள், மூளை மீள்வதும் தாமதமாகலாம். சளி, அரிப்புக்குத் தரும் அவில் மாத்திரையைத் தூக்கத்துக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரையும் அடைக்கும். வேண்டவே வேண்டாம்.

ஆனால் வருடக்கணக்காக ராத்திரி ஒரு மாத்திரை போட்டுத் தூங்கியவர் என்றால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும், வலிப்புகூட வரலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தினமும் குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கமே வராது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மானம் போகும் என்று குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது. டாக்டருக்குத் தெரிந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. டியூட்டி டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? காலையில் ஜன்னல் திரையை விலக்குங்கள். டாக்டர் அனுமதித்தால் நாற்காலியில் உட்காரவைத்து வராந்தா வெளிச்சத்தில் சாப்பாடு கொடுங்கள். டென்மார்க்கில் ஒரு பக்கவாத மறுவாழ்வு வார்டில், பகலில் பிரகாசமாகவும் ராத்திரியில் மங்கலாகவும் இயற்கை வெளிச்சம் போலவே மாறும் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குச் சோர்வும் மனச்சோர்வும் குறைந்தன. திருநெல்வேலியில் அந்த விளக்குக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை, வெயில் சும்மாவே கிடைக்கிறது. மதியம் அரை மணி நேரம் தூங்கட்டும், சாயங்காலம் தூங்கவிடாதீர்கள். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுவிடுங்கள். காது மெஷினையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். கண்ணில் படும்படி கடிகாரம், நாள்காட்டி. ராத்திரித் துணைக்கு ஒரே ஆள் இருப்பது நல்லது, நாளுக்கொரு முகம் வந்தால் குழப்பம். வலது பக்கம் விழுந்தவருக்குச் சில சமயம் வலது பக்கப் பார்வையும் போயிருக்கும். அந்தப் பக்கமாக இருட்டில் திடீரென்று போய்த் தொடாதீர்கள். இடது பக்கமாக வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அப்புறம் தொடுங்கள். ஜன்னலில் நிற்பவர் யார் என்று வாதாட வேண்டாம். 'நான் இங்கதான் இருக்கேன்' என்று சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பகல் தூக்கம் என்றால் தட்டினால் எழுந்து, முனகியாவது பதில் சொல்வார். நேற்று தட்டினால் எழுந்தவர் இன்று கிள்ளினால்தான் கண் திறக்கிறார் என்றால் அந்த நிமிஷமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நாலாவது நாள் என்கிறீர்கள், வீக்கம் ஏறும் காலம் அதுதான்.

கேள்வி: தூக்கம் வர ராத்திரி சூடாக ஒரு டம்ளர் பால் கொடுக்கலாமா? கசகசா போட்டால் இன்னும் நல்லது என்கிறார் மாமியார். – வாசகி, ஈரோடு

பதில்: விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கூடாது. சோதனையில் தேறியவருக்கும், நிமிர்த்தி உட்காரவைத்து, முழுசாக விழித்திருக்கும்போதுதான் எதையும் கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். பக்கவாதத்துக்குத் தப்பியவர்கள் அதில் போய்விடுகிறார்கள். தண்ணி மாதிரி இருக்கும் எதுவும்தான் சீக்கிரம் புரையேறும் என்பதால் சிலருக்குக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். கசகசாவை மாமியார் குருமாவுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு முன்பிருந்தே குறட்டை. இப்போது பக்கவாதம் வந்த பிறகு லாரி போவது போலக் குறட்டை. நல்ல தூக்கம்தானே என்று விட்டிருந்தோம். நடுவில் மூச்சே நின்றது போல் ஆகி, அப்புறம் 'ஹக்' என்று இழுக்கிறார். – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல வேளை எழுதினீர்கள். இது நல்ல தூக்கம் இல்லை. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ஒரு ராத்திரியில் இது பல தடவை நடக்கும், அவருக்கு ஞாபகமே இருக்காது. காலையில் தலை கனக்கும், பகலில் தூங்கி வழிவார், பிரஷர் அடங்காது. பக்கவாதம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி ஏதோ ஒரு மூச்சுத் தடை இருக்கிறது. ஆனால் துணைக்கு இருப்பவர் சொன்னால் ஒழிய ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்குத் தெரியாது, அவர் வருவது பகலில்.

ஒரு ராத்திரி, மூச்சு நிற்பதை அரை நிமிஷம் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நாலு பக்கம் பேசுவதைவிட அது உதவும். மல்லாந்து படுத்தால் மோசமாகும், பக்கவாட்டில் படுக்கவையுங்கள், மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன மாதிரி. தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரு காலத்தில் பக்கவாதம் என்றால் தட்டையாகப் படுக்கவைத்தால்தான் மூளைக்கு ரத்தம் போகும் என்று பலர் நம்பினார்கள். 2017-ல் 11,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில், தட்டையாகப் படுத்தவர்களுக்கும் தலை உயர்த்திப் படுத்தவர்களுக்கும் பின்னால் வந்த ஊனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. குறட்டைக்காரருக்கு உயரமே வசதி. பின்னால் தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ராத்திரி மாட்டும் காற்று மெஷின் கொடுப்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணியவருக்கு அந்த முகமூடி ஓரத்தில் காற்று கசியும். பொருத்தமான அளவு கிடைக்கும்வரை விடாதீர்கள்.

கேள்வி: அண்ணனுக்கு வயது 41. சீக்கிரம் கை வரவேண்டும் என்று ராத்திரி 11 மணிவரை நாங்கள் மாறி மாறிப் பயிற்சி கொடுக்கிறோம். அதிகம் செய்தால் நல்லதுதானே? – வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் 9 மணிக்கு மேல் அவரை விடுங்கள். பகலில் கற்றுக்கொண்ட அசைவைத் தூக்கத்தில்தான் மூளை பதியவைக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு கை வேலையைப் பழக்கிவிட்டுப் பார்த்தபோது, நடுவில் ஒரு ராத்திரி தூங்கியவர்கள் மறுபடி செய்கையில் முன்னேறியிருந்தார்கள். விழித்தே இருந்தவர்களிடம் அது இல்லை. தூக்கத்தை வெட்டிப் பயிற்சி கொடுப்பது ஊற்றிய தண்ணீரை ஓட்டைக் குடத்தில் பிடிப்பது மாதிரி.

அதிகம் என்றால் நல்லது என்பதும் எப்போதும் சரியாக வருவதில்லை. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, கூடுதலாக நடமாடவைத்தால் என்ன ஆகும் என்று 2,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள்தான் கொஞ்சம் மேலாக மீண்டிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவைப் பகலில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள். 41 வயதுக்காரர் என்பதால் இன்னொன்று கேட்கிறேன். அவர் ராத்திரி விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறாரா? விடியற்காலையில் அழுகிறாரா? வேலை, கடன், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் அவர் தலையில் இருக்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.

கேள்வி: மாமனாருக்கு ராத்திரித் துணைக்கு நான்தான் இருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே பாய். பத்து நாளாகத் தூக்கம் என்பதே இல்லை. பகலில் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுத் திரும்புகிறேன். இதையெல்லாம் கேட்கலாமா என்று தெரியவில்லை. – வாசகி, ஊர் வேண்டாம்

பதில்: கேட்கலாம்மா, கேட்டே ஆக வேண்டும். தூங்காத ஆள் குழாயில் உணவு ஊற்றுவதும், இரண்டு பேர் பாரத்தைத் தனியாகத் திருப்புவதும் ஆபத்து. மகன்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை பேரானாலும் முறை போடுங்கள். சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரிக்கு மேல் ஒருவரே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லவில்லை என்றால் நான் சொன்னேன் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சமையலைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்க்கட்டும். பகலில் வீட்டுக்குப் போனால் முதலில் இரண்டு மணி நேரம் படுங்கள், அப்புறம் அடுப்பு. ராத்திரி எந்த நேரத்தில் திருப்ப வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டு போனில் அலாரம் வையுங்கள், சத்தமில்லாமல் அதிரும்படி. எப்போது எழுப்புவார்களோ என்று பாதி விழிப்பில் கிடப்பதைவிட, அலாரத்தை நம்பி ஒன்றரை மணி நேரம் முழுசாகத் தூங்குவது மேல். திருப்பும்போது ஆயாவையோ எதிர்க் கட்டில் துணையையோ கூப்பிடுங்கள், பதிலுக்கு அவர்களுக்கு நீங்கள் கைகொடுங்கள். பொது வார்டில் பெரும்பாலும் இப்படித்தான் ராத்திரி ஓடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டோடு ராத்திரி அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசி உணவு எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை எது, எத்தனை தடவை திருப்ப வேண்டும், எதற்கெல்லாம் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்கப் போவதையாவது மாமனாரின் மகன் செய்யட்டும்.